மூன்று விரல் உயரம்

கல்யாணத்தில் எனக்கு ஒரு கார் கிடைத்தது என்று கல்லடியில் என் கூட்டாளிகள் பொறாமைப்பட்டார்கள். அந்த மடையர்களுக்கு எத்தனை தடவை விளக்கியும் புரியவில்லை. கார் எனக்குக் கிடைக்கவில்லை. காருக்கு நான் கிடைத்தேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு, வளவு, வயல் எல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் உடுத்த உடுப்போடு மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். நானும் அப்படித்தான் ஆரையம்பதிக்குப் போனேன். நெல் நல்ல விலைக்குப் போன ஒரு வருடம் என் மாமனார் கொழும்பிலிருந்து அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்தாராம். ஊரே வந்து பார்த்ததாம். அதற்குப் பிறகுதான் ஓட்டுவதற்கு ஆளில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நான் அப்போது பட்டணத்தில் ஒரு டொக்டரிடம் டிரைவராக இருந்தேன். மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறபோது காருக்கும் ஆளைச் சேர்த்துத் தேடிவிட்டார் மனுசன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சீதன உறுதியில் வீடு, வளவு, வயல்வெளி வட்டையில் எட்டு ஏக்கர், கார் என்று வரிசையாக எழுதி எல்லாவற்றையும் மகள் பேருக்கு வைத்தார். அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினேன். ஆரையம்பதியில் ஆட்களை ஏற்றி, காத்தான்குடி, கல்லடி கடந்து, பாலத்தால் பட்டணத்துக்குப் போய், திரும்பி வருவேன். பின்னேரங்களில் களுவாஞ்சிகுடிப் பக்கம். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் காரைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து படுவான்கரைக்கும் போவேன். பாதை என்றால் இரண்டு தோணியைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவை. அதில் காரை ஏற்றுவதும் இறக்குவதும் உயிர் போய் உயிர் வருகிற வேலை. ஆனாலும் அந்த வாடகைதான் என் மரியாதை. மனைவி வீட்டுச் சோற்றைத் தின்றாலும் கையை நீட்டித் தின்னவில்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள இருந்த ஒரே வழி அந்தக் கார்தான். அது நின்றால் நானும் நின்றேன்.

அது நிற்கப் போகிறது என்பது ஒரு தை மாதத்தில் தெரிந்தது.

காரின் சில்லுகள் பெரியவை. மர ஆரக்கால் வைத்தவை. பக்கத்தில் நின்றால் என் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும். அந்தக் காலத்து ரோட்டுகளுக்கு அது நல்லதுதான். வண்டில் தடத்தில் இறங்கினாலும் வயிறு தட்டாது. ஆனால் அந்த அளவு டயர் செய்வதையே வெள்ளைக்காரன் நிறுத்திவிட்டான். முன்சில்லு டயர் ஒன்று காத்தான்குடிச் சந்தியில் வெடித்தபோது, பட்டணத்துக் கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இந்த அளவு இனி கப்பலேறாது தம்பி. இப்ப எல்லாம் சின்னச் சில்லு. இருக்கிறத வெச்சு ஓட்டுங்க, முடிஞ்சாக் கார வித்துப் போடுங்க" என்றார். விற்பதற்கு நான் யார்?

வெடித்த டயரைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தோல் வைத்துத் தைத்தேன். டியூப் நிற்கவில்லை. கடைசியில் உள்ளே தென்னந்தும்பை அடைத்து இறுக்கிக் கட்டி ஓட்டினேன். நான் பொய் சொல்லவில்லை. மூன்று கிழமை தும்பில் ஓடியது அந்தக் கார். ஏறினவர்களுக்குக் குடல் கழன்றது. மற்ற மூன்று டயரும் எப்போது போகும் என்பது காத்தவராயனுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் காத்தான்குடி வியாபாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். துணிமணி விற்கிறவர், கூடவே பழைய இரும்பும் எடுப்பார். அண்ணன் முறைக்கு நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். யாரோ ஒரு பெரிய மனிதர் வாவிக்குள் இறக்கிப் பாழாக்கிய கார் ஒன்றை அவர் கழற்றிப் போட்டிருந்தார். என்னுடைய காரைச் செய்த கம்பனியின் கார்தான், பிறகு வந்த வகை. அதன் நான்கு சில்லுகளும் சுவரோடு சாய்ந்து நின்றன. சின்னச் சில்லு, தடித்த டயர், கொஞ்சமும் தேயவில்லை. அளந்து பார்த்தேன். என்னுடைய அச்சில் அப்படியே பொருந்தும். கார் மூன்று விரல் உயரம் இறங்கும். அவ்வளவுதான்.

விலையில் சண்டை வரவில்லை. சண்டை வேறு இடத்தில் இருந்தது.

"சாமான் நல்ல சாமான் தம்பி" என்றார் காக்கா. "ஆனா ஒண்டு. கார் உங்கட இல்ல. எங்கட ஊர்லயும் இதே வழமதான், எனக்குத் தெரியாதா? நாளைக்கு உங்கட மாமி ஆள் அனுப்பி, எங்கட பழைய சில்லத் தா எண்டு கேட்டா நான் எங்க போற? ஊட்டுச் சம்மதம் எடுத்துட்டு வாங்க. பெருநாள் வரைக்கும் வெச்சிருப்பன். மறுகா என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

பெருநாளுக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது. மூன்று விரலுக்குச் சம்மதம் எடுக்க ஒரு மாதம் போதாதா என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருப்போம். அவர் சமைத்ததை நான் தின்பேன். நான் ஓட்டுகிற காரில் அவர் ஏறுவார். ஆனால் முகம் பார்த்துப் பேச்சில்லை. மரியாதை. அவர் குசினிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்வார், நான் விறாந்தையில் இருந்து கேட்பேன். நடுவில் வாசற்படியில் என் மனைவி இருந்து இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்கும். நான் சொல்வதும் அவருக்குக் கேட்கும். இருந்தாலும் மனைவி ஒரு தடவை சொன்னால்தான் சொன்ன மாதிரி.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் விசயத்தை எடுத்தேன். "அம்மாட்டச் சொல்லு புள்ள, காருக்குச் சின்னச் சில்லு போடப் போறன்."

குசினிக்குள் சட்டி வைக்கிற சத்தம் நின்றது. பிறகு மனைவி சொன்னாள்: "அம்மா கேக்கிறா, என்னத்துக்காம்?"

"டயர் இல்ல எண்டு சொல்லு."

"பெரிய டயர் கொழும்புல இருக்குமாம். அப்பா அங்கதானே வாங்கினார் எண்டு சொல்றா."

"கொழும்புலயும் இல்ல. சீமையிலயும் இல்ல. சின்னதுதான் இருக்கு."

பிறகு மாமியின் குரல் எனக்கு நேரடியாகவே கேட்டது, மனைவி அதைத் திருப்பிச் சொன்னாள்: "கார் குட்டையாகிப் போகுமாம். அப்பா வாங்கினபடியே கிடக்கட்டுமாம்."

வந்ததே எனக்குக் கோபம். ஆனால் யாரிடம் காட்டுவது? கதவிடமா? மாமியின் மனதில் இருந்தது டயர் இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் காரில் போய்க் கோயில் வீதியில் இறங்குவார். அப்போது மற்றக் குடிவழிக் குடும்பங்கள் நிமிர்ந்து பார்க்க வேண்டும். எட்டு நாள் சடங்குக்காக வருடம் முழுவதும் நான் உயரத்தில் ஓட வேண்டும்.

மாமியை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உயரம் குறைந்தால் எனக்கும் கஷ்டம் இருந்தது. மாரியில் ரோட்டுக் குறுக்கே வெள்ளம் ஓடும். ஒரு கம்பில் கோடு கிழித்து, வழமையாகத் தண்ணீர் நிற்கிற மதகடிகளை எல்லாம் கேட்டுக் கேட்டு அளந்தேன். இரண்டு இடத்தில் மூன்று விரல் கணக்கு மோசமாகத்தான் இருந்தது. பாதைப் பலகையில் ஏறும்போது வயிறு தட்டலாம். படுவான்கரை வண்டில் தடத்தில் நடுமேடு உரசலாம். இரண்டு நாள் நானே மனம் மாறிக் கிடந்தேன். பிறகு யோசித்தேன், டயரே இல்லாத கார் வெள்ளத்தில் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?

மூன்று விரல் என்றால் எவ்வளவு என்று மாமிக்குக் கண்ணால் காட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்று எனக்கு ஒரு அறிவு வந்தது. ஒரு காலையில் வளவுக்குள் மண்வெட்டியை எடுத்து, சில்லு நிற்கிற நான்கு இடத்திலும் மூன்று விரல் ஆழத்துக்கு மணலைத் தோண்டினேன். காரை உருட்டி அந்த நான்கு குழிக்குள்ளும் சில்லுகளை இறக்கினேன். சரியாக மூன்று விரல் பணிந்தது. மனைவியிடம் சொல்லிவிட்டு, மாமி பார்க்கட்டும் என்று நான் ரோட்டுக்குப் போய் நின்றேன். மாமி வந்தார். காரைச் சுற்றினார். ஏறி இருந்தார், இறங்கினார், குசினிக்குப் போனார். நான் திரும்பி வந்ததும் தீர்ப்பு வந்தது.

"குழிக்குள்ள குந்தின மாதிரிக் கிடக்காம்" என்றாள் மனைவி.

"குழிக்குள்ளதானே நிக்குது!"

"அதத்தான் அம்மாவும் சொல்றா."

நான் கிணற்றடிக்குப் போய்த் தலையில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் என் மனைவி எங்கள் மூன்று வயது மகன் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு காரின் பின் ஆசனத்தில் இருக்கிறாள். அவள் காரில் ஏறுவதே இல்லை. கல்யாணமான புதிதில் ஏறியிருக்கிறாள். சின்னவன் பிறந்த பிறகு எங்கே கூப்பிட்டாலும், வேலை கிடக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு பாப்பம் என்று ஏதாவது சொல்வாள். காரென்றால் பயம் வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கல்லடியில் என் அம்மாவின் முடிவு வேறு. "உன்ட பொஞ்சாதி கார்க்காரி, பெருமை புடிச்சவள், என்ட வாசலுக்கு வருவாளா?" என்பார். நானும் "ஓம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பேன்.

"இறங்கு புள்ள, குழியால எடுக்கணும்" என்றேன்.

"கொஞ்சம் இரிக்கிறனே."

"எனக்குக் களுவாஞ்சிகுடி ஆக்கள் நிக்காங்க. உனக்கு இரிக்க வீட்டுல இடமில்லயா?"

அவள் இறங்கிப் போனாள். நான் குழிகளை மூடினேன். அன்றைக்கு இருந்த எரிச்சலில், யாராவது என் முன்னால் மூச்சு விட்டாலே குற்றமாகத்தான் பட்டிருக்கும்.

பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாமி தன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். பழுகாமத்துப் போடியார். வட்டை வட்டையாக வயல் வைத்திருக்கிறவர். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எது கொடுப்பதானாலும் எது எடுப்பதானாலும் அவர் சொல்தான் சொல். வாவியைத் தோணியில் கடந்து, குடையும் வெற்றிலைப் பையுமாக வந்து சேர்ந்தார். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அவர் ஆம்பிளை, நேருக்கு நேர் பேசலாம், கதவோடு பேசத் தேவையில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். டயர் விசயம், தும்பு விசயம், மதகடித் தண்ணீர் விசயம் கூட ஒளிக்காமல் சொன்னேன். அவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். பிறகு குசினிப் பக்கம் போய்த் தங்கையிடம் கேட்டார். திரும்பி வந்தார். சகோதரிகளுக்குள் வயல் தகராறு வந்தால் அவர் எப்போதும் ஒரே தீர்ப்புத்தான் சொல்வார்: நடுவில் வரம்பு போடு. அன்றைக்குக் காரிலும் வரம்பு போட்டார்.

"ரெண்டு பக்கமும் மனம் நோகக் கூடா மருமகன்" என்றார். "முன்னுக்குத்தானே டயர் போச்சு? முன்னுக்கு ரெண்டு சின்னதப் போடுங்க. பின்னுக்குப் பெரிசு கிடக்கட்டும்."

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் பகிடி இல்லை.

"மாமா, கார் கவுந்து நிக்குமே."

"மூண்டு விரல் எண்டு நீங்கதானே சொன்னீங்க? மூண்டு விரலுக்கு என்ன கவுறது? பின்னுக்கு இருக்கிறது நம்மட பொம்புளயள். அவங்கட உசரம் கொறயக் கூடா. முன்னுக்கு இருக்கிறது நீங்க மட்டும்தானே."

நான் மட்டும்தான். எட்டு வருடம் அந்த வீட்டில் இருந்து நான் எடுத்த சம்மதம் இது. மறுத்திருக்க வேண்டும். முழுதாகத் தாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பெருநாள் நெருங்கிவிட்டது, தும்பு வெளியே வருகிறது, நாலு பேர் வயிற்றுப்பாடு இதில்தான். சரி என்று தலையாட்டினேன்.

இரண்டு சில்லு மட்டும் போதும் என்று கேட்டபோது காக்கா என்னை உற்றுப் பார்த்தார். "மத்த ரெண்டையும் நான் என்ன செய்ற தம்பி?" என்றார். எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது?

அந்தக் காரை நான் ஓட்டின அழகை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தண்ணீர் குடிக்கக் குனிந்த எருமை மாதிரி நின்றது. பின்னால் இருந்த கிழவிகள் பிரேக் போடும்போதெல்லாம் வழுக்கி வந்து என் ஆசனத்தில் முட்டினார்கள். லைட் ரோட்டைக் காட்டாமல் என் முன்சில்லுக்கு முன்னால் இரண்டு முழத்தைக் காட்டியது. காலம் தப்பி ஒரு மழை பெய்தது. மேற்கூரைத் துணியில் தேங்கின தண்ணீர் எல்லாம் முன்னுக்கு ஓடிவந்து என் மடியில் ஊற்றியது. காத்தான்குடிக் கடைத்தெருவில் ஒருவன், "என்ன, கார் குனிஞ்சு எதையோ தேடுது, காசு கீசு விழுந்திட்டா?" என்று கேட்டான். அடுத்த கிழமை ஊர் முழுவதும் அதையே கேட்டது. ஆட்கள் பஸ்சுக்குக் காத்து நின்றார்கள். என் காரைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

மிச்ச இரண்டு சில்லையும் எப்படியாவது வாங்கிவிடலாம் என்று போனேன். பெருநாள் முடிந்திருந்தது. காக்கா அவற்றைத் தன் ஒற்றை மாட்டு வண்டிலுக்குப் பூட்டிவிட்டார். வாவியில் விழுந்த அந்தக் காரின் அச்சையே வண்டிலுக்கு வைத்திருந்தார். "புது மோடி தம்பி, ரப்பர் சில்லு வண்டில்" என்று காட்டினார். நான் சண்டை பிடிக்கவில்லை. தவணை சொன்னவர் தவணை தவறவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் துணிப்பொதியை ஏற்றிக்கொண்டு அந்த வண்டில் எங்கள் வளவு வாசல் கடப்படியால்தான் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போகும். என் சில்லுகள் மாட்டுக்குப் பின்னால் சத்தமில்லாமல் உருண்டு போவதை நான் கோப்பியும் கையுமாக நின்று பார்ப்பேன். அடுத்தவன் தொழுவத்தில் நம் பசுவைக் கறக்கிறதைப் பார்க்கிற வயிற்றெரிச்சல் அது.

பிறகு ஒரு நாள் பட்டணம் போய் வெறும் காரோடு திரும்பினேன். போகும்போதும் ஆளில்லை, வரும்போதும் ஆளில்லை. வெயில் கொளுத்தியது. வந்த வேகத்தில் விறாந்தையில் நின்று சத்தம் போட்டேன்.

"உன்ட அம்மாட்டச் சொல்லு! உசரம் உசரம் எண்டு என்ட வயித்துல அடிச்சிட்டா எண்டு சொல்லு. இனி இந்தக் காருல வெள்ளாட்டக் கட்டி வளக்கச் சொல்லு. நான் கல்லடிக்குப் போறன் எண்டு சொல்லு!"

மனைவி வழக்கம் போல வாசற்படியில் இருந்து அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். குசினிக்குள் மாமி இருமினார். நான் அவள் திருப்பிச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"நான் சொல்ல மாட்டன்" என்றாள்.

"என்ன?"

"சொல்ல மாட்டன். ரெண்டு மாசமா உங்கட கதய அங்க சொன்னன், அங்கத்தக் கதய இங்க சொன்னன். அம்மான் வந்து பேசினார். காத்தான்குடிக் காக்காட்டயும் கேட்டீங்க. செருப்புத் தைக்கிற ஆளிட்டயும் கேட்டீங்க." சுளகைக் கீழே வைத்தாள். "கார் ஆர்ட?"

நான் முற்றத்தில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தேன்.

"உறுதியில என்ட பேர்தானே கிடக்கு. என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. அம்மாவும் கேக்கல்ல, அம்மானும் கேக்கல்ல. நீங்களும் கேக்கல்ல."

அவள் சத்தம் போடவில்லை. என் சொல் அந்த வீட்டில் எடுபடவில்லை என்று எட்டு வருடமாகப் பொருமிக்கொண்டிருந்தவன் நான். அவளுடைய சொல் ஒன்று இருக்கும் என்பது ஒரு நாளாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சரி, இப்ப கேக்கிறன்" என்றேன். "நீ என்ன சொல்லியிருப்பாய்?"

"முதல் நாளே ஓம் எண்டிருப்பன்."

"ஏன்?"

அவள் குசினிப் பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சின்னவன் பொறந்த பிறகு எனக்கு இடுப்பு நோ. காலத் தூக்கி அந்த மிதிபலகையில வைக்க ஏலாது. ஆரும் புடிச்சுத் தூக்கித்தான் ஏத்தணும். றோட்டுல நாலு பேர் பாக்க என்னெண்டு ஏறுற? அண்டைக்கு நீங்க குழி தோண்டி வெச்ச நேரம் நானா ஏறினன். மூண்டு விரல் எண்டாலும் எனக்குக் காணும். கொஞ்ச நேரம் இரிப்பம் எண்டு நெனச்சன், நீங்க இறங்கச் சொல்லிட்டீங்க."

மூன்று வருடம். ஒரே வீட்டில், ஒரே பாயில். ஒவ்வொரு காலையும் அந்தக் காரைத் துடைத்து, அச்சுக்கு எண்ணெய் விட்டு, எந்த ஆணி இளகியிருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தவன் நான். எனக்கு வெட்கத்தில் கோபம் வந்தது. ஆத்திரக்காரனுக்கு வேறு என்ன வரும்?

"சொல்லியிருக்கலாமே, புள்ள."

"நீங்க கேட்டிருக்கலாமே."

அதற்குமேல் அந்தப் பேச்சு போகவில்லை. கேட்டு என்ன, இப்போது சில்லு மாட்டு வண்டிலில் ஓடுகிறது என்று நான் முணுமுணுத்தேன். அவள் சுளகை எடுத்துப் புடைத்தாள். "அந்த வண்டில நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்" என்றாள். "சில்லு கட்டை. வண்டில் பின்னுக்குச் சரியுது, ஏர்க்கால் மேல தூக்குது, மாட்டுக்குத் தொண்டைக் கயிறு இறுக்குது. அவருக்குத் தேவை பெரிய சில்லு."

நானும் தினம் தினம் அந்த வண்டிலைப் பார்த்தேன். சில்லைத்தான் பார்த்தேன், மாட்டைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் கடப்படியில் நின்று வண்டிலை மறித்தாள். காக்கா அன்று கூடவே வந்திருந்தார். இறங்கி, "என்ன தங்கச்சி?" என்றார். மாட்டின் கழுத்தைக் காட்டி அவள் இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார். கயிறு உரசி மயிர் போயிருந்தது. "ஓம், நானும் ஏன் நுரை தள்ளுது எண்டு பாத்தன்" என்றார்.

"எங்கட பெரிய சில்லு ரெண்டு தாறன். டயர் போனாலும் கொல்லன்ட்டக் குடுத்து இரும்புப் பட்டம் அடிக்கலாம், மரம் நல்ல மரம். உங்கட சின்னது ரெண்டையும் தாங்க."

காக்கா என்னைப் பார்த்தார். ஊட்டுச் சம்மதம் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "தங்கச்சியே சொன்ன பிறகு என்ன" என்று வண்டிலில் இருந்த துணிப்பொதியை இறக்க ஆரம்பித்தார். நான் ஜாக்கியைத் தேடிக்கொண்டு ஓடினேன். இரண்டு மாதமும் ஒரு போடியாரும் சேர்ந்து செய்ய முடியாதது, வெயில் ஏறுமுன் முடிந்துவிட்டது. குசினிக் கதவுக்குப் பின்னால் மாமி நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதானால் அவருக்கும் இடையில் ஆள் வேண்டும், அந்த ஆள் கடப்படியில் நின்றாள்.

கார் நான்கு காலிலும் நேராக நின்றது. மனைவி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு ஒரு கையால் கதவைப் பிடித்தாள், காலைத் தூக்கி மிதிபலகையில் வைத்தாள், ஏறினாள். பிடிக்கலாமா என்று நான் நீட்டின கையை அவள் பார்க்கவே இல்லை.

"எங்க போவம்?" என்று கேட்டேன்.

"கல்லடிக்கு. மாமியப் பாத்து மூண்டு வருசம் ஆகுது. என்ன நினைச்சிருப்பாவோ."

என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஓம் போட்டதும் நான்தான். வழி நெடுக அதைச் சொல்லிவிடுவோமா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். காத்தான்குடி கடந்தது, சொல்லவில்லை. அம்மாவின் வாசலில் காரை நிறுத்தியபோது, யார் இறங்குவது என்று அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.